நீச்சல் குளத்துத் தண்ணீர் பச்சையானால் பாசிதான் என்று நம்பிவிடாதீர்கள்

வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்றாலே 'உங்களுக்கென்ன' என்பார்கள். அதனால் அதில் ஒரு பிரச்சினை வந்தால் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பணக்காரக் கவலை என்று சிரிப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூர் பக்கம் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு அந்தக் குளமும் சேர்ந்து வந்தது. கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில்தான். குளம், மோட்டார், போர்வெல், தண்ணீர் லாரி எல்லாம் என் தலையில். சில மாதங்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தூக்கம் கெட்டது. அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் பேசியிருந்தால் ஏறக்குறைய 60,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் சுமார் 45,000 லிட்டர். உங்கள் குளத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு மோட்டார் ரூம் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். குளத்தில் கொட்டும் எந்தப் பொருளையும் இந்த எண்ணை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளில் கை அளவு, கப் அளவு, 'ஒரு அரைக் கிலோ போடுவோம் மேடம்' அளவுதான் நடக்கிறது.

பழைய வீட்டுக்காரர் காலத்திலிருந்தே குளத்தைப் பார்த்துவந்தவர் ஒரு அண்ணன். நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு வருவார். ஏப்ரல் வெயிலில் ஒரு வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது நிஜமான பாசி வந்தது. தண்ணீர் கலங்கி, படிக்கட்டு கால் வைத்தால் வழுக்கியது. திரும்பி வந்தவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கற்கண்டு அளவில் நீலக் கட்டிகள். 'மயில்துத்தம் மேடம், இதைப் போட்டா பாசி கிட்ட வராது' என்றார். ஒரு பக்கெட்டில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினார். மறுநாள் காலையில் பாசி செத்து அடியில் படிந்திருந்தது. வேக்கம் போட்டு எடுத்ததும் குளம் பளிச்சென்று இருந்தது. அதன் பிறகு முன்னெச்சரிக்கையாக அடிக்கடி ஒரு கைப்பிடி. தண்ணீர் அப்போது லேசான நீலத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்தபோது நிறம் மாறத் தொடங்கியது. முதலில் கடல் நீலம், பிறகு மரகதப் பச்சை. பச்சை என்றதும் எல்லோரும் சொன்னது பாசி. அண்ணன் குளோரினை இரட்டிப்பாக்கினார். பச்சை இன்னும் ஏறியது. கெமிக்கல் கடையில் ஒரு பாசிக்கொல்லி கேனைக் கொடுத்தார்கள், அதையும் ஊற்றினோம். தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவம் வந்தது. ஃபில்டர் மணல் செத்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, மணலையும் மாற்றினோம். பணம் போய்க்கொண்டே இருந்தது, பச்சை அப்படியே இருந்தது. இத்தனைக்கும் தண்ணீரில் கலங்கலே இல்லை. ஆழமான பக்கத்தில் அடியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. சுவரைத் தடவினால் வழவழப்பும் இல்லை. இரண்டும் என் கண்ணெதிரே இருந்த சாட்சிகள்தான், ஆனால் அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆள் இல்லை.

விஷயத்தைப் பிடித்துக் கொடுத்தது என் மாமனாரின் தலைமுடி. அவர் தலைக்குச் சாயம் போடாதவர். முழு நரை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நீந்துவார். பொங்கலுக்கு வந்த நாத்தனார் அவரை வெயிலில் பார்த்துவிட்டு, 'என்னப்பா, தலையில மருதாணி போட்டுத் தப்பா வந்துடுச்சா?' என்று கேட்டாள். உற்றுப் பார்த்தால் காதோரத்திலும் பிடரியிலும் நரைமுடி இளம்பச்சையாக இருந்தது. எங்கள் எல்லோருக்கும் கருப்பு முடி, ஊறினாலும் தெரியாது. வெள்ளை முடி காட்டிக்கொடுத்துவிட்டது. மாமனார் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் வாக்கிங் கூடப் போகவில்லை. குளோரினால்தான் முடி பச்சையாகிறது என்று பரவலாக நம்புகிறார்கள். அது உண்மையில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு முடியின் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. குளோரின் செய்வதெல்லாம் அந்தச் செம்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதற்கு உதவுவதுதான். மாமியார் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து ஊறவைத்துக் குளிக்க வைத்ததில் சில குளியலில் நிறம் இறங்கிவிட்டது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் செம்பைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். இன்னொன்று, குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது.

செம்பு என்ற சொல் கிடைத்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. உங்கள் குளம் பச்சையானால் ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளை பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை எடுத்து, துணிக்குப் போடும் பிளீச்சில் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். பாசி என்றால் காலையில் பச்சை போய் வெளுத்து, அடியில் தூசி மாதிரி படிந்திருக்கும். செம்பு என்றால் நிறம் அப்படியே நிற்கும், சில நேரம் கூடவும் செய்யும். பிளீச் ஊற்றியதும் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனால் அது இரும்பு. போர்வெல் தண்ணீரில் அது சகஜம். பாசியென்றால் அடி தெரியாமல் கலங்கும், சுவர் வழுக்கும். அடி தெளிவாகத் தெரிந்து தண்ணீர் மட்டும் பச்சை என்றால் உலோகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து அளவு. நம் ஊர்க் குளப் பராமரிப்புக்காரர்களிடம் இருக்கும் சொட்டு மருந்துப் பெட்டியில் குளோரினும் பிஎச்சும் (தண்ணீர் அமிலமா காரமா என்ற அளவு) மட்டுமே பார்க்க முடியும். செம்புக்கான கிட் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். மீனுக்கும் இறாலுக்கும் செம்பு விஷம் என்பதால் மீன் வளர்ப்பவர்கள் அதை வாங்குவார்கள். நான் கொளத்தூர் மீன் கடைகளில் விசாரித்து வாங்கினேன். நிறம் கிட்டின் அட்டையைத் தாண்டிப் போனால், பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து பார்த்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது 1.8 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். நீச்சல் குளத்தில் செம்பு 0.2க்குள் இருப்பது நல்லது, 0.3ஐத் தாண்டினால் கறை பிடிக்கும் என்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அதன் எடையில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே செம்பு, 25.5 சதவீதம். ஒரு கைப்பிடி 100 கிராம் என்று வைத்தால் 25 கிராம் செம்பு. 45,000 லிட்டரில் அது 0.57 பிபிஎம். அதாவது ஒரே கைப்பிடியில் எல்லையைத் தாண்டியாகிவிட்டது! குளோரின் வெயிலில் அழியும், வேலை செய்து தீரும். செம்பு ஆவியாகாது, தீராது. ஃபில்டரைக் கழுவிவிடும் பேக்வாஷில் போகும் தண்ணீரோடு கொஞ்சம் போகும், கொஞ்சம் சுவரில் படியும், மீதி குளத்திலேயே இருக்கும். வெயிலில் வற்றி, மேலே தண்ணீர் விட்டு நிரப்பினாலும் போட்டது போட்டபடியே. அண்ணன் விவசாயக் குடும்பம். தோட்டத்தில் போர்டோ கலவைக்கு 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் கலக்கிப் பழகியவருக்கு, 45,000 லிட்டரில் ஒரு கைப்பிடி ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வந்தது அந்தப் பாசிக்கொல்லி கேன்மேல். காலி கேனைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நீலக் குளத்தின் படம். பின்பக்கம் எறும்பு எழுத்தில், செம்புச் சேர்மம் என்று போட்டிருக்கிறது. செம்பால் பச்சையான குளத்துக்கு மேலும் செம்பை, பில் போட்டு விற்றிருக்கிறார்கள். பாசிக்கொல்லி வாங்குவதானால் லேபிளில் காப்பர் என்ற சொல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். செம்பு இல்லாத, பாலிகுவாட் என்ற வகை இருக்கிறது. விலை அதிகம், ஆனால் கறை பிடிக்காது. இதே நேரத்தில் இன்னொருவர் வீட்டுக்கே வந்து, 'கெமிக்கலே வேண்டாம் மேடம்' என்று அயனைசர் ஒன்றை விற்கப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். செம்புத் தகடு என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் பேசவில்லை.

குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்திருப்பார்களே என்ற பயம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை செம்பை அனுமதிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். நீந்தும்போது வாயில் போவது சில மடக்கு. ஆகவே 1.8 பிபிஎம்மில் நீந்தியதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. பாதிப்பு தலைமுடிக்கும் டைலுக்கும் பர்ஸுக்கும்தான்.

சரி, ஏப்ரலில் பாசி ஏன் வந்தது? ஒரு வாரம் ஆள் இல்லாததால் மட்டும் இல்லை. நாங்கள் குளோரினுக்காகப் போட்டது டிசிசிஏ 90 என்ற மாத்திரை. சைனூரிக் ஆசிட் என்ற பொருளும் அதோடு சேர்ந்தே வருகிறது. குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்ற அது கொஞ்சம் வேண்டும், 30 முதல் 50 பிபிஎம் போதும். ஆனால் எங்கள் குளத்தில் ஒவ்வொரு கிலோ மாத்திரையும் 12 பிபிஎம் சைனூரிக் ஆசிட் சேர்க்கிறது. செம்பு மாதிரி இதுவும் தானாகப் போகாது. ஏறிக்கொண்டே போனால் குளோரின் இருந்தும் வேலை செய்யாத நிலை வரும். சொட்டு மருந்தில் மஞ்சள் நன்றாகக் காட்டும், பாசி மட்டும் சாகாது. இதைச் சோதிக்கும் முறை எனக்குப் பிடித்தது. குளத்துத் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் பால் போல வெளுக்கும். அடியில் கருப்புப் புள்ளி உள்ள குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் உள்ள எண்தான் அளவு. எனக்கு இரண்டு விரல் உயரம் ஊற்றுவதற்குள் புள்ளி காணாமல் போனது. தண்ணீரைக் கலந்து நீர்க்கவைத்து மறுபடி பார்த்ததில் 150 பக்கம் வந்தது. மாத்திரையால் குளோரின் முடங்கி, அதனால் பாசி வந்து, அதற்காக மயில்துத்தம் போட்டு, அதனால் இந்தப் பச்சை. முழுச் சங்கிலியும் அப்போதுதான் புரிந்தது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், தண்ணீரை மாற்றுவது. இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். 'மொத்தமா இறைச்சுட்டு நிரப்புங்க' என்று பலரும் சொன்னார்கள். எங்கள் பக்கம் மணல் பூமி. மழை முடிந்த கையோடு தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர் நிற்கும். அந்த நேரத்தில் குளத்தை முழுக்கக் காலி செய்தால், கீழிருந்து நிலத்தடி நீர் தள்ளித் தொட்டி மேலே கிளம்பலாம், தரை விரிசல் விடலாம். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. கட்டட வேலை தெரிந்த பக்கத்து வீட்டு மாமா இதைச் சொல்லாவிட்டால் என் நஷ்டம் லட்சங்களில் போயிருக்கும். எனவே மூன்றில் ஒரு பங்கு இறைத்து, நிரப்பி, ஒரு நாள் மோட்டாரை ஓடவிட்டுக் கலந்து, மறுபடி மூன்றில் ஒரு பங்கு. இப்படிச் செய்தால் 1.8 என்பது 1.2, 0.8, 0.53, 0.36 என்று இறங்கும். 150ல் இருந்த சைனூரிக் ஆசிட்டும் கூடவே 30க்கு வந்துவிடும். மொத்தம் 60,000 லிட்டர். எங்கள் போர்வெல் தண்ணீரை பக்கெட்டில் பிளீச் விட்டுப் பார்த்ததில் நிறம் பழுப்பாகப் போனதால், செம்பை விரட்டி இரும்பைக் கூட்டிவர வேண்டாம் என்று 12,000 லிட்டர் லாரிகளில் வரும் தண்ணீரையே அத்தனைக்கும் வாங்கினேன். லாரி ஓட்டுநர்களுக்குக் குளத்துக்குத் தண்ணீர் விட அவ்வளவு விருப்பமில்லை. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரமாக இருந்தால் எனக்கும் மனசு கேட்டிருக்காது.

இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் முன்கூட்டி யோசியுங்கள். தெருவில் மழைநீர்க் கால்வாய் இருக்கிறதே என்று அதில் விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அது கடைசியில் முட்டுக்காடு கழிமுகத்துக்குத்தான் போகும். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் செம்பு அளவு மீனுக்கும் நத்தைக்கும் உயிர் போகும் அளவு. வீட்டில் தாமரைத் தொட்டி, மீன் தொட்டி இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. குளோரின் போடுவதைச் சில நாள் நிறுத்தி, கிட்டில் குளோரின் இறங்கியதைப் பார்த்துவிட்டு, தென்னைக்கும் வேலியோரத்துக்கும் பிரித்துப் பிரித்து விட்டேன். ஒரு முறை என்பதால் மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து செடிகளுக்குப் பாய்ச்சும் தண்ணீர் இல்லை அது.

மீதியிருந்த செம்புக்குச் சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் என்று ஒரு திரவம். திருப்பூர் சாயப்பட்டறைகளில் இருப்பவர்களுக்கு இது பழகிய பெயர். ஹெச்இடிபி என்று கேட்டால் கெமிக்கல் கடையில் கொடுப்பார்கள். இது செம்பை வெளியேற்றாது, சுவரில் ஒட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரின் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் என்பதால் அவ்வப்போது மறுபடி விட வேண்டும். நிறையச் செம்பை வைத்துக்கொண்டு இதை மட்டும் ஊற்றுவது வீண் செலவு. பிஎச்சை 7.2லிருந்து 7.4க்குள் பிடித்து வைத்தேன். பிஎச் 7.8ஐத் தாண்டினால் செம்பு வெளியே வந்து கறையாகப் படியும். சோடா ஆஷ் போட்டு பிஎச்சை ஏற்றி, படிகாரத்தால் செம்பை அடியில் உட்கார வைத்து வேக்கம் போட்டு எடுக்கும் வழியும் உண்டு. வால்வை ஃபில்டரில் வைக்காமல், தண்ணீர் நேரே வெளியே போகும் வேஸ்டில் வைத்து எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். டைல்களின் இடுக்கில் வெள்ளைக் கிரவுட் பூச்சு உள்ள குளத்தில் அதில் துணிய எனக்குத் தைரியம் வரவில்லை.

கறை ஏற்கெனவே கிரவுட் கோடுகளில் இருந்தது. சில இடத்தில் மயில் கழுத்து நிறம், படியோரத்தில் கருப்பு. பழைய காலுறையில் சிட்ரிக் ஆசிட் தூளைக் கட்டிக் கறைமேல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அடியில் வெள்ளை தெரிந்தது. செம்புக்கறைக்கு இது நன்றாகக் கேட்கும். வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்து உடனே வெளுத்தால் இரும்புக்கறை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கறையிலிருந்து கிளம்பும் செம்பு மறுபடி தண்ணீருக்குத்தான் வரும். அதனால் தண்ணீர் மாற்றும் முன் கறையைத் தேய்த்துவிட்டு அப்புறம் இறைப்பதுதான் சரியான வரிசை. கருப்பாகிவிட்ட சில கோடுகள் எதற்கும் மசியவில்லை, அப்படியே இருக்கின்றன.

இப்போது மாத்திரை இல்லை. திரவ குளோரின்தான், தினமும் சாயங்காலம். அதனால் பிஎச் ஏறும், வாரம் ஒரு முறை கொஞ்சம் ஆசிட். அண்ணனே தொடர்கிறார். எது போட்டாலும் பெயரும் கிராமும் நோட்டில் எழுத வேண்டும் என்பது மட்டும் புது ஏற்பாடு. முதலில் முறைத்தார். இப்போது மற்ற வீடுகளுக்கும் என் செம்பு கிட்டை இரவல் வாங்கிக்கொண்டு போகிறார். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊரில் குளத்துக்கு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்ளே செம்புக் குழாய் இருந்து, தண்ணீரின் பிஎச் 7க்குக் கீழே போனால், யாரும் எதுவும் போடாமலே குழாயிலிருந்து செம்பு கரைந்து வரும். டிசிசிஏ மாத்திரையை ஸ்கிம்மருக்குள் (மிதக்கும் குப்பையை இழுக்கும் பெட்டி) போடும் பழக்கம் இருந்தால் மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் அங்கே தண்ணீர் கடும் அமிலமாகி, மோட்டார் ஓடியதும் அது நேரே ஹீட்டருக்குள் போகும். புதிதாக ஹீட்டர் வாங்குவதானால் டைட்டானியம் குழாய் உள்ளதாகக் கேளுங்கள்.

குளத்தோடு பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரம், பட்டா பார்க்கும் நேரத்தில் குளத்துத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து வந்து செம்பு, சைனூரிக் ஆசிட் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் ரூமைத் திறந்து அலமாரியில் என்னென்ன கேன், என்ன பொட்டலம் இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். அளவு ஏறியிருந்தால் தண்ணீர் மாற்றும் செலவையும் கிரவுட் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்; அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.